ஜூலையில் மட்டும் போகாதே

அன்புள்ள நண்பா,

பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்து மகிழ்ந்து முடிப்பதற்குள், அடுத்த பத்தியிலேயே ஜூலையில் கோர்டோபா போகிறோம் என்று குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டாய். வேலூர் வெயிலில் வளர்ந்தவன் என்ற தைரியமா? ஸ்பெயினிலேயே மிகவும் கொதிக்கிற ஊர்களில் அது ஒன்று. ஜூலையில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே செய்தியே அல்ல. பிற்பகலில் ஊரே கதவை அடைத்துக்கொண்டு கிடக்கும். நீங்கள் இருவர் மட்டும் கல் பாவிய சந்துகளில் வரைபடத்தோடு அலைவீர்கள். பேசாமல் மே மாதத்துக்கு மாற்று. இல்லையென்றால் நான் போனது போல பிப்ரவரியில் போ.

முதல் நாள் காலை எட்டரைக்கெல்லாம் மெஸ்கித்தா என்கிற பழைய மசூதியின் வாசலில் நின்றுவிடு. திங்கள் முதல் சனி வரை 8.30 முதல் 9.30 வரை, கூட்டமாக இல்லாமல் தனியாக வருகிறவர்கள் டிக்கெட் வாங்காமலே உள்ளே போகலாம். காசு மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை. வழிகாட்டிகள் கொடியைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன் அந்தத் தூண்களின் நடுவே நடந்துவிட வேண்டும். 8ஆம் நூற்றாண்டின் கடைசியில், அந்த ஊரை ஆண்ட முஸ்லிம் அரசர் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய மசூதி அது. பின்னால் வந்தவர்கள் இருநூறு ஆண்டுகள் நீட்டிக்கொண்டே போனார்கள். இன்று 856 தூண்கள் நிற்கின்றன. முதலில் கட்டிய பகுதியின் தூண்கள் பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்தும், ரோமானியருக்குப் பின் ஆண்ட விசிகோத்துகளின் கட்டடங்களிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்தவை. கூரையை உயர்த்த அவற்றின் உயரம் போதவில்லை. அதனால் ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவு வைத்தார்கள். செங்கல்லும் வெளிர்கல்லும் மாறி மாறி. முப்பது வருடம் பாலம் கட்டிய நீ அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிடுவாய் என்று தெரியும். உன் மனைவிக்கு உட்கார ஓர் இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு நில்.

1236இல் ஊர் கிறிஸ்தவ அரசரின் கைக்கு வந்தது. 1523இல் நட்டநடுவே தூண்களை இடித்துத் தேவாலயம் எழுப்பத் தொடங்கினார்கள். ஊர் நிர்வாகமே எதிர்த்தும் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அனுமதி கொடுத்துவிட்டார். தூண் காட்டின் அரை இருட்டில் போய்க்கொண்டிருக்கும்போது, திடீரென்று வெள்ளை வெளிச்சமும் பொன் வேலைப்பாடும் கண்ணைக் கூசும். பரம்பரை வீட்டு முற்றத்தில் தம்பி மாடி கட்டியது போல எனக்குப் பட்டது. இரண்டும் தனித்தனியாக அழகுதான், நான் குறை சொல்லவில்லை.

வெளியே ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றம். தெருவெல்லாமும் அதே மரம்தான். ஒரு தெருவில் உதிர்ந்து கிடந்த பழம் ஒன்றை எடுத்து நான் கடித்துவிட்டேன். புளிப்பும் கசப்பும் சேர்ந்து, அப்படியே நம் நாரத்தை! உப்புப் போட்டு வெயிலில் வைத்தால் ஓர் ஊருக்கே ஊறுகாய் ஆகும். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்கள் ஆரஞ்சுக்குச் சொல்லும் ‘நரன்ஹா’ அரபி, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னோக்கிப் போய், கடைசியில் திராவிட மொழியில், நம் நாரத்தையின் பக்கத்தில் வந்து நிற்கும் என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், அதைத்தானே நீ மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாய். முதலில் நேரம். நான் மாலை ஆறரைக்குப் பசியோடு ஓர் உணவகத்தில் போய் உட்கார்ந்து, சமையலறை எட்டரைக்குத்தான் திறக்கும் என்று தெரிந்து, இரண்டு மணி நேரம் ஆலிவ் காய் தின்றுகொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு இரண்டு மணி, இரவு ஒன்பது என்று வயிற்றுக்கு இப்போதே சொல்லி வை.

அந்த ஊரின் உணவு சால்மோரெஹோ. தக்காளி, பழைய ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் நான்கையும் மையாக அரைத்துக் குளிரக் குளிரக் கிண்ணத்தில் தருவார்கள். கரண்டியில் நிற்கும் கெட்டி. மேலே அவித்த முட்டையும் பன்றித் தொடை இறைச்சியும் தூவுவார்கள். உன் மனைவிக்காக ‘சின் ஹமோன்’ என்று முன்னாலேயே சொல்லிவிடு, இறைச்சி வேண்டாம் என்று அர்த்தம். தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்தது. அதற்கும் மூத்தது மசமோரா: அதே ரொட்டி, அதே பூண்டு, தக்காளிக்குப் பதில் பாதாம், வெள்ளை நிறம். எனக்கு அதுதான் ஒரு படி மேல்.

மிளகைத் தேடிக் கடல் வழியே போக உதவி கேட்ட கொலம்பஸ் 1486இல் அரசனையும் அரசியையும் சந்தித்தது இந்த ஊர்க் கோட்டையில்தான். கோட்டையை வேகமாகப் பார்த்தால் போதும். தோட்டம் நன்று.

கத்தரிக்காயை நீ ஒதுக்குகிறவன் என்று தெரியும். இருந்தாலும் மெல்லியதாக நறுக்கிப் பொரித்து மேலே கரும்புப் பாகு ஊற்றித் தரும் ‘பெரென்ஹேனா’வை மட்டும் ஒரு தட்டு வாங்கு. தொட்டுக்கொள்ளச் சால்மோரெஹோவே போதும். மெஸ்கித்தாவின் எதிரே சான்டோஸ் என்று ஒரு சிறிய கடை. வண்டிச் சக்கரம் போன்ற உருளைக்கிழங்கு முட்டை அடையை வெட்டித் தருவார்கள்; அதைப் பள்ளிவாசல் மதில் ஓரமாக நின்று தின்பதுதான் அங்கே வழக்கம். மாட்டு வால் கறி எனக்குப் பிடித்தது, உங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்காதே.

மே முதல் பாதியில் போனால் முற்றத் திருவிழா. வீடுகளைத் திறந்து வைத்து யாரை வேண்டுமானாலும் உள்ளே விடுவார்கள். சுவர் முழுக்கப் பூந்தொட்டிகள். எட்டாத தொட்டிக்கு நீளக் குச்சியின் நுனியில் ஒரு தகர டப்பாவைக் கட்டி நீர் வார்ப்பார்கள். கூட்டம் பிடிக்காது என்றால் வியானா மாளிகைக்குப் போ. ஒரே வளாகத்தில் 12 முற்றங்கள், ஆண்டு முழுவதும்.

இரண்டாம் நாள் காலையில் மெதினா அசஹாரா. 8 கிலோமீட்டர்தான். 936இல் ஒரு கலீபா கட்டத் தொடங்கிய அரண்மனை நகரம். எண்பது ஆண்டுகூட நிலைக்கவில்லை. நிழல் கிடையாது, தொப்பி எடுத்துக்கொள். சூரியன் சாயும் நேரத்தில் ரோமானியப் பாலத்தில் நில்லுங்கள். மற்றதை எல்லாம் கால் போன போக்கில் விட்டுவிடு.

என் முழங்கால் பரவாயில்லை, படி ஏறுகிறேன், இறங்கும்போதுதான் முனகுகிறது. தேதியை மாற்றிவிட்டு எழுது. இரண்டு நாரத்தை கொண்டுவர வழியுண்டா என்று இவள் கேட்கிறாள். விமான நிலையத்தில் பிடிப்பார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் பழைய அறைத்தோழன்