விலாங்கு பிடித்துக் கொடுத்த பினாங்கு நிபோங் திபால் மக்களுக்கு

வணக்கம்.

விலாங்குகளின் உறவுமுறை பற்றிய முதுகலை ஆய்வேட்டை ஒருவழியாக ஒப்படைத்துவிட்டேன். அதில் நன்றியுரைக்கு ஒரு பக்கம்தான் இடம். மேற்பார்வையாளர், ஆய்வுக்கூடம், உபகாரச் சம்பளம் என்று எழுதி முடிப்பதற்குள் பக்கம் தீர்ந்துவிட்டது. மீன் பிடித்துக் கொடுத்த ஒருவரைக்கூடச் சேர்க்க முடியவில்லை. அந்தக் குறை போகத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். யாரைச் சொல்கிறேன் என்று ஊருக்கே தெரியும், பரவாயில்லை.

"படிச்ச பிள்ளை ஏன் லொங்காங் வாய்க்காலில் பாம்பு மீன் தேடுது?" என்று இரண்டு வருஷமாகக் கேட்டவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது. அதற்கென்று தனியாக ஒரு சின்ன டிஎன்ஏ வளையம். ஏ, டி, ஜி, சி என்ற நாலு வேதி எழுத்துகளில் பரம்பரைத் தகவல் அதில் எழுதியிருக்கும். மீன்களில் ஏறக்குறைய 16,500 எழுத்து, 37 மரபணு. அது தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு வரும், தகப்பன் பங்கு கலக்காது. அதனால் அம்மா, பாட்டி, பூட்டி என்று ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகலாம். காலப்போக்கில் எழுத்துகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாறும். இரண்டு மீன்களின் எழுத்துகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், மாற்றம் குறைவாக இருப்பது கிட்டத்து உறவு, கூடுதலாக இருப்பது தூரத்து உறவு. பொண்ணு பார்க்கப் போன இடத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து "நீங்க யார் வகையறா" என்று விசாரிப்பார்களே, அதேதான். இங்கே அம்மா வழி மட்டும்.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு என்பார்கள். அது காட்டுகிற உடம்பை நம்பி உறவு சொன்னால் ஏமாந்துதான் போவோம். இதை எனக்குப் பாடமாக நடத்தியவர் பெரியப்பா. பால்மரம் வெட்டி, அப்புறம் செம்பனைக் குலை தள்ளி, ஓய்வு பெற்றபின் கிரியான் ஆற்றில் சம்பான் படகில் பொழுதைக் கழிப்பவர். முதல் நாள் நான் ஆசையாகத் தூக்கிக் காட்டியதைப் பார்த்து, "இது பெலுட். விலாங்குக்குக் காதோரம் செட்டை இருக்கும். இதுக்கு எங்க?" என்றார். உண்மைதான். விலாங்கு போலவே நீண்டிருக்கும் இந்தப் பெலுட் மீனுக்குப் பக்கச் செட்டையே கிடையாது. செவுள் பிளவும் கழுத்துக்கு அடியில் ஒன்றே ஒன்று. டிஎன்ஏவும் அவர் பக்கம்தான் பேசியது. பெலுட்டுக்கு நெருங்கிய சொந்தம் முதுகெல்லாம் முள் வைத்திருக்கும் ஆரால், மலாய்க்காரர்கள் திலான் என்பது. அதற்கு அடுத்தபடியாக நாம் குழம்பு வைக்கும் விரால்கூட அதற்கு உறவு. விலாங்கோ வேறு வம்சம்.

இன்னொரு நாள், "சின்னதெல்லாம் பொட்டை, பெருத்தா ஆணாயிடும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அன்று இரவு புத்தகத்தைத் திறந்தால், பெலுட் பெண்ணாகப் பிறந்து வளர்ந்தபின் ஆணாக மாறும் மீன் என்று போட்டிருக்கிறது. பெரியப்பா, அந்தச் சிரிப்புக்கு இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அவர் தவறியது ஒரே இடத்தில். பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் மலையோடையிலிருந்து தோழி கொண்டுவந்த புள்ளி போட்ட விலாங்கைப் பார்த்து, "நம்ம விலாங்குதான், கிழடு தட்டினா புள்ளி வரும்" என்றார். இரண்டும் வேறு வேறு இனம். நம் ஊர் விலாங்கு ஒரே நிறம், முதுகுச் செட்டை உடம்பின் நடுப்பக்கம் வந்துதான் தொடங்கும். புள்ளிக்காரனுக்கு அது இன்னும் முன்னாலேயே தொடங்கிவிடும். எழுத்து வரிசையைக் கணினியில் காட்டினேன். ஏ, டி, ஜி, சி என்று ஓடியதை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல வால் எது?" என்றார்.

அடுத்து, சாலையோரத்தில் ஒட்டுக்கடை நடத்தும் அக்கா. முதலில் பிடித்த மீன்களை யாரோ கொடுத்த ஃபார்மலின் புட்டியில் போட்டுத் தொலைத்தேன். ஃபார்மலின் உருவத்தைக் காப்பாற்றும், டிஎன்ஏவைப் பாழாக்கிவிடும். ஆறு வார உழைப்பு போச்சு. அதற்குப் பிறகுதான் விரல்நகம் அளவு செட்டைத் துண்டை வெட்டி 95 விழுக்காடு ஆல்கஹாலில் போட்டு, மீனைத் திரும்ப ஆற்றில் விட ஆரம்பித்தேன். அந்தப் புட்டிகளைக் குளிரில் வைக்க இடம் தந்தது அக்காவின் ஐஸ்பெட்டி. அதுவும் புரட்டாசி மாதம்! வீட்டில் எல்லாரும் சைவம். மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றி, மேலே மஞ்சள் தடவி, "சாமி கண்ணுல படாம இருந்தா சரி" என்று உள்ளே தள்ளினார்.

டிஎன்ஏ துண்டைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆர் முறையைக் கற்றுக்கொடுத்த கெடா அக்காவுக்கும் நன்றி. 95 பாகையில் இழை பிரியும், சூடு குறைந்தால் துவக்கி என்ற சின்ன டிஎன்ஏ துண்டு ஒட்டும், 72இல் புது இழை வளரும் என்று எனக்காக எத்தனை முறை சொன்னாரோ. டிஎன்ஏ கோடு தெரிய வேண்டிய ஜெல் மூன்று தடவை வெறுமையாக இருப்பதைப் பார்த்து நான் அழுதபோது தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

வாய்மொழித் தேர்வில் என்னை வியர்க்க வைத்த தேர்வாளருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். "ஒரு மரபணுவை வைத்து வரைந்த உறவு மரத்தை எப்படி நம்புவது?" என்றார். நியாயமான கேள்வி. 2001இல் இரண்டு மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களை வைத்துப் பார்த்தபோது விலாங்குகளில் மூத்த கிளை போர்னியோ விலாங்கு என்று வந்தது. 2005இல் வளையம் முழுவதையும் படித்தபோது மொசாம்பிக் விலாங்கு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. முழு வளையமும்கூடத் தாய்வழிக் கதை ஒன்றுதான். உட்கருவில் இருக்கும் மரபணுக்களையும் கேட்டால்தான் தகப்பன் வழியும் சேரும். இதை எழுதச் சொல்லி ஒரு அத்தியாயத்தையே திருத்த வைத்தார். கோபம் தீர ஒரு வாரம் ஆனது.

"ஆத்துல குட்டி விலாங்கையே காணோமே, எங்கம்மா முட்டை போடுது?" என்று கேட்ட தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளே, விலாங்கு ஆற்றில் முட்டை போடாது, கடலுக்குப் போய்விடும். ஜப்பான் விலாங்கின் முட்டையை 2009இல்தான் மரியானா தீவுகளுக்கு மேற்கே நடுக்கடலில் கண்டெடுத்தார்கள். 2010இல் 56 இன விலாங்கு வகைகளின் முழு வளையங்களை ஒப்பிட்டபோது, ஆற்று விலாங்குக்குக் கிட்டத்து உறவு கரையோர மீன்கள் இல்லை, ஆழ்கடல் இருட்டில் நீந்தும் பெருவாய் விலாங்கு போன்றவைதான் என்று தெரிந்தது. அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை நம் செம்பனைத் தோட்டத்து லொங்காங்கில் வந்து வளர்கிறது.

ஆய்வேட்டின் ஒரு படியை ஒட்டுக்கடையில் வைக்கிறேன், படம் பார்க்க வருகிறவர்கள் பார்க்கலாம். பெரியப்பா, நான் உடைத்த மீன்கூட்டுக்குப் பதில் புதுசு சொல்லியிருக்கிறேன். அப்புறம் அக்கா, ஐஸ்பெட்டியின் கீழ்மூலையில் இன்னும் ஒரு பொட்டலம் இருக்கிறது. மாமாவிடம் சொல்ல வேண்டாம், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பாம்பு மீன் பிள்ளை