பழைய போட்டோவைப் பெரிதாக்கக் கொடுப்பவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

மங்கலான சின்னப் படத்தைக்கூட ஏஐ எனும் செயற்கை நுண்ணறிவால் தரம் குறையாமல் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம் என்று சில நாட்களுக்கு முன் நம் நாளிதழில் ஒரு குறிப்பு வந்திருந்தது. அதில் பாதி சரி. மீதியை எங்கள் வீட்டில் அனுபவித்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

தை அறுவடை சமயத்தில் அப்பா தவறிவிட்டார். கூட்டுறவு சங்கக் கடனுக்காக முப்பது வருஷத்துக்கு முன் எடுத்த கருப்பு வெள்ளை பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்றுதான் வீட்டில் இருந்தது. தம்பி அதைச் செல்போனில் படம் பிடித்து கும்பகோணத்தில் ஒரு கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, கருமாதிக்கு முதல் நாள் 12க்கு 18 இன்ச்சில் பிரேம் போட்டே வந்துவிட்டது. பளிச்சென்று இருந்தது. அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, இடது புருவத்துக்கு மேலே கண்ணாடியில் விரலை வைத்துத் தடவினார். நடவுக்குச் சேறடித்தபோது மாட்டுக் கொம்பு கிழித்த தழும்பு அங்கே இருக்க வேண்டும். இல்லை. கன்னமும் வழுவழுவென்று, வயலில் வெயிலே படாத ஆள் மாதிரி.

12க்கு 18 இன்ச்சில் நல்ல பிரிண்ட் போட இன்ச்சுக்கு 300 பிக்சல் (படத்தை உண்டாக்கும் சின்னப் புள்ளி) வீதம் 3600க்கு 5400, அதாவது கிட்டத்தட்ட 2 கோடி பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் போகிறது, அதில் முகம் எவ்வளவு இருக்கும்? முன்பெல்லாம் கம்ப்யூட்டர் பக்கத்துப் பிக்சல்களின் நிறத்தைக் கலந்து இடைவெளியை நிரப்பும். படம் மங்கும், ஆள் மாறமாட்டார். ஏஐ அப்படியில்லை, ஏராளமான முகங்களைப் பார்த்துப் பழகியிருப்பதால் தெரியாத இடத்தில் தானே ஒன்றை வரைந்துவிடுகிறது. 2020ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான 'பல்ஸ்' என்ற மென்பொருளில் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், வெள்ளைக்காரர் முகம் வந்தது. வயல், கோபுரம் என்றால் பரவாயில்லை. இறந்தவர் முகத்தில் இதை எப்படி ஏற்பது?

அப்புறம் அந்த போட்டோவையே கையில் எடுத்துக்கொண்டு மன்னார்குடியில் ஸ்கேனர் உள்ள ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். பிலிமில் எடுத்துக் கழுவிய படம் என்பதால் 1200 டிபிஐயில், அதாவது இன்ச்சுக்கு 1200 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தார்கள், 3.5க்கு 4.5 செ.மீ. படத்துக்குச் சுமார் 1650க்கு 2120 பிக்சல் கிடைத்தது. 12க்கு 18 வேண்டாம், 8க்கு 10 போடலாம், இன்ச்சுக்கு 200 பிக்சல் வரும், சுவரில் மாட்ட அது போதும் என்றார் அங்கிருந்தவர். கொஞ்சம் சொரசொரப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தழும்பு தெரிகிறது.

பழைய படம் வைத்திருப்பவர்கள் பிரிண்டையே எடுத்துப் போய் ஸ்கேன் செய்யுங்கள், டிஜிட்டல் படமாக இருந்தால் சுருங்காமல் போக வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள், முகத்தைத் திருத்த வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைக்காரர்களும் ஏஐ போட்டால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடலாம். அடுத்த முறை இப்படிக் குறிப்பு போடும்போது இதையும் சேர்த்துப் போட வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்,
வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம்