மூன்று வரி விநோதங்களும் எங்கள் வாவி ஊரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் ஞாயிறு வெளியீட்டின் கடைசிப் பக்கத்தில் வரும் உலக விநோதத் துணுக்குகளை எங்கள் வீட்டில் முதலில் வாசிப்பவள் ஆறாம் தரத்தில் படிக்கும் என் பேத்தி. அரசியல் பக்கங்களை நான் விரித்து வைத்திருக்கும்போதே பின்புறத்திலிருந்து அவள் உரக்க வாசிக்கத் தொடங்கிவிடுவாள். அண்மையில் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வந்திருந்த இரண்டு துணுக்குகள் எங்கள் இருவருக்குமிடையே ஒரு முழுக் காலைநேர வழக்கை உண்டாக்கிவிட்டன. அதன் தீர்ப்பையும் அதையொட்டி எனக்குள்ள ஒரு வேண்டுகோளையும் தங்களுக்கு எழுதுகிறேன்.

ஒன்று, வடதுருவத்தை அண்டிய நாடுகளில் வாழும் லெமிங் என்ற எலியினச் சிறு பிராணிகள் கூட்டம் கூட்டமாக மலையுச்சியிலிருந்து கடலில் பாய்ந்து தற்கொலை செய்துகொள்கின்றன என்பது. மற்றது, அமெரிக்காவில் ஒரு சேவல் தலை வெட்டப்பட்ட பிறகும் 18 மாதங்கள் உயிரோடு இருந்தது என்பது. முதலாவதைப் பேத்தி உடனே நம்பி லெமிங்குகளுக்காகக் கண் கலங்கினாள். இரண்டாவதை "சும்மா புளுகு, அம்மப்பா" என்று தள்ளிவிட்டாள். உண்மை என்னவென்றால், அவள் நம்பியது பொய், தள்ளியது மெய். இரண்டையும் ஊர், ஆண்டு, காரணம் எதுவுமில்லாமல் மூன்று மூன்று வரிகளில் ஒரே அளவான பெட்டிக்குள் அச்சிட்டுக் கொடுத்தால், பதினொரு வயதுப் பிள்ளை வேறு எப்படித்தான் தரம் பிரிப்பாள்?

லெமிங்குகளின் தொகை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருமளவில் பெருகும். அப்போது இரையும் இடமும் போதாமல் அவை கூட்டமாக வேறிடம் தேடிப் புறப்படும், வழியில் ஆறு குறுக்கிட்டால் நீந்த முயன்று சில மூழ்கியும் போகும். தற்கொலை என்ற கதை முன்பிருந்தே வழக்கில் இருந்தது என்றாலும், அதை உலகெங்கும் நிலைநாட்டியது 1958இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆவணப்படமாகும். லெமிங்குகள் கடலில் பாய்வதாகக் காட்டிய அக்காட்சி படமாக்கப்பட்ட கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்துக்குக் கடலே கிடையாது. வேறு மாகாணத்தில் விலைக்கு வாங்கிக் கொண்டுவரப்பட்ட லெமிங்குகளைப் படப்பிடிப்புக் குழுவினரே ஆற்றங்கரைச் சரிவிலிருந்து கீழே தள்ளிப் படம் பிடித்தனர் என்பதை 1982இல் கனடிய ஒலிபரப்பு நிறுவனம் ஒன்று ஆராய்ந்து வெளிப்படுத்தியது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே அம்பலமான பொய் இன்றும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தேநீரோடு வந்து சேர்கிறது. உண்மையில் இங்கே விநோதமானது லெமிங்கின் நடத்தை அன்று, மனிதரின் நடத்தையே என்பதால், துணுக்கை அப்படியே திருப்பி எழுதினால் இன்னும் சுவையாகவே இருக்கும்.

சேவல் கதைக்கு வருவோம். கொலராடோ மாநிலத்தின் ஃபுரூட்டா என்ற ஊரில் 1945 செப்ரெம்பரில் கறிக்காக வெட்டப்பட்ட அந்தச் சேவலுக்கு மைக் என்று பெயர். கோடரி சற்று உயரத்தில் விழுந்ததால் மூளையின் அடித்தண்டுப் பகுதி கழுத்தோடு தங்கிவிட்டது. மூச்சு, இதயத் துடிப்பு முதலிய பெரும்பாலான காரியங்களைக் கோழியில் நடத்துவது அந்தப் பகுதிதான். இரத்தம் உறைந்து காயமும் அடைபட்டுவிட, வீட்டுக்காரர் கண்ணுக்கு மருந்து விடும் சிறு குழாயினால் பாலும் நீரும் நேரே தொண்டைக்குழிக்குள் விட்டு அதனை வளர்த்து, ஊர் ஊராகக் கொண்டுசென்று காட்சிக்கும் வைத்தார். 1947 மார்ச்சில் அது இறந்தது. இவ்வளவையும் நான் விளக்கிய பிறகு பேத்தி தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டாள். ஆனால் அன்று மத்தியானம் கோழிக்கறி வேண்டாமென்று சொல்லிவிட்டாள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

தங்கள் பகுதி எப்போதும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் வகயாமா பக்கத்து ரயில் நிலையமொன்றில் 2007இல் நிலைய அதிபராக நியமிக்கப்பட்ட தாமா என்ற பூனையைப் பற்றி எழுதியபோது, அந்தப் பாதை நட்டத்தில் ஓடியதையும், பூனையைப் பார்க்கவென்றே பயணிகள் வந்ததையும், 2015இல் அது இறந்தபோது ஆயிரக்கணக்கானோர் அஞ்சலிக்குத் திரண்டதையும் எழுதியிருந்தீர்கள். அந்த நறுக்கு இன்னும் எங்கள் வீட்டு அலுமாரிக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அவுஸ்திரேலியாவின் வொம்பட் என்ற பிராணி சதுரக் கட்டிகளாக எச்சமிடும் என்று எழுதி, எங்கே நாங்கள் "எப்படி?" என்று கேட்போமோ சரியாக அந்த இடத்தில் நிறுத்திவிட்டீர்கள். அதன் குடற்சுவர் சுற்றிலும் ஒரே மாதிரி நெகிழாமல் சில பக்கங்களில் இறுக்கமாகவும் சில பக்கங்களில் தளர்வாகவும் இருப்பதனால் கடைசிப் பகுதியில் எச்சம் உலர உலர மூலைகள் உண்டாகின்றன என்று கண்டறிந்தவர்களுக்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக்நோபல் பரிசு 2019இல் கிடைத்தது. இன்னும் இரண்டு வரி இடம் கொடுத்திருந்தால் போதும்.

என் இரண்டாவது குறை, விநோதம் என்றால் அது கடல் கடந்து வந்தாக வேண்டும் என்று தங்கள் பகுதி எண்ணுவதுபோலத் தோன்றுவது பற்றியதாகும். ஹொண்டூராஸ் நாட்டின் யோரோ ஊர் மீன்மழைக்கு இருமுறை இடம் கொடுத்தீர்கள். 2014 மே மாதத்தில் எங்கள் நாட்டிலேயே சிலாபம் பக்கத்துக் கிராமத்தில் கூரையிலும் வீதியிலும் விழுந்த உயிருள்ள சிறு மீன்களைச் சனங்கள் வாளிகளில் பொறுக்கியதும், நீர்நிலையின் மேல் எழும் சுழற்காற்று மீனை அள்ளிச் சென்று போட்டிருக்கலாம் என்று விளக்கம் கூறப்பட்டதும் தங்கள் பக்கத்தில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

அதைவிட எனக்கு மனத்தாங்கல் எங்கள் வாவியைப் பற்றியது. மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்று மேடைக்கு மேடை சொல்கிறோம், வரவேற்பு வளைவுகளில் மீன்மகளை வைக்கிறோம். ஆனால் இரவில் வாவி நீருக்கடியிலிருந்து எழுவதாகச் சொல்லப்படும் அந்த ஒலியில் பாடுவது மீன்தானா என்று கேட்டு எழுதப்பட்ட ஒரு நல்ல கட்டுரையை நம் பத்திரிகைகளில் தேடித்தான் பிடிக்கவேண்டியிருக்கிறது. பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1848 செப்ரெம்பரில் இங்கு வந்தபோது, இரவில் தோணியில் சென்று அந்த ஒலியைக் கேட்டு, 1859இல் வெளியிட்ட தமது நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் மெல்லிய அதிர்வைப் போன்றது என்றும், ஒரே சுரமாக நீளாமல் தனித்தனிச் சிற்றொலிகள் பல ஒன்றுகூடி வருவது என்றும், தோணிப் பலகையில் காதை வைத்தால் ஓசை பெருகியது என்றும், தோணி நகர நகரச் சில இடங்களில் கூடிச் சில இடங்களில் அற்றே போனது என்றும் அவர் குறித்திருக்கிறார். மழைக்காலத்து வெள்ளம் வாவியில் சேர்ந்தால் அது கேட்காது என்று தோணிக்காரர் சொன்னதையும் விட்டுவிடவில்லை.

இதில் முக்கியமானது, அந்தத் தோணிக்காரர் எவரும் அதனை மீன் என்று சொல்லவில்லை என்பதாகும். அது ஒரு சங்கினத்தின் ஓசை என்றே சொன்னார்கள். அவர்கள் கூறிய தமிழ்த் தொடரை ரெனன்ற் ஆங்கில எழுத்தில் உருக்குலைத்து எழுதியிருந்தாலும், மட்டக்களப்புக் காதுள்ள எவருக்கும் அதனை "ஊரி குழறுகிறது" என்றே படிக்கத் தோன்றும். ஊரி என்பது எங்கள் கரையில் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் சிறு சங்கு. குழறுவது என்றால் எங்கள் பேச்சில் வாய்விட்டு அழுவது. பாட்டு என்று பிறர் கேட்டதை எங்கள் தோணிக்காரர் அழுகை என்று கேட்டிருக்கிறார்கள். இந்தச் சொற்றொடர் ஒன்றே தங்கள் கடைசிப் பக்கத்துக்கு ஒரு வாரத் தீனியாகும். பிற்காலத்தில் இங்கு பணியாற்றிய யேசு சபைக் குருவான லாங் அடிகளார் அந்த ஒலியைக் கருவியில் பதிவுசெய்தும் வைத்தார்.

நான் கேட்டேனா என்றால், 1970களில் ஒரு பூரணை இரவில் தந்தையாரின் சிநேகிதர் ஒருவருடைய தோணியில் கல்லடிப் பாலத்தருகே போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்துக்கொண்டு ஏதோ முனகலைக் கேட்டேன். அது ஊரியா, மீனா, துடுப்பு மரத்தில் நீர் உரசிய ஓசையா என்று இன்றுவரை சத்தியம் செய்யமாட்டேன். வலையில் அகப்பட்ட கெளிறு கறகறவென்று சத்தமிடுவதை மீன் வாங்கப் போகிற எவரும் கேட்டிருப்பர், ஆகையால் மீனுக்குக் குரலே இல்லை என்று சொல்வதற்கும் இல்லை.

கலிபோர்னியாவின் சோசலிட்டோ நகரத்தார் இதே போன்ற ஒரு கேள்வியை எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பதைப் பாருங்கள். அங்கு படகு வீடுகளில் வசித்தவர்களை 1980களில் ஒவ்வொரு கோடையிலும் இரவில் நீருக்கடியிலிருந்து எழுந்த ஒரு ரீங்காரம் தூங்கவிடவில்லை. கழிவுநீர்ப் பம்பி என்றார்கள், நீர்மூழ்கிக் கப்பல் என்றார்கள், படையினரின் இரகசியப் பரிசோதனை என்றார்கள். கடைசியில் சான் பிரான்சிஸ்கோ மீன் காட்சியகத்தைச் சேர்ந்த ஜோன் மக்கொஸ்கர், அது ஆழத்திலிருந்து கரைக்கு முட்டையிட வரும் மிட்ஷிப்மன் என்ற தேரை மீனின் ஆண்கள் பெண்களை அழைக்கும் ஓசை என்று காட்டினார். காற்றுப்பையின் தசைகளை வினாடிக்கு ஏறத்தாழ 100 தடவை சுருக்கி அது அந்த ஒலியை எழுப்புகிறது, ஒரே மூச்சில் ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக எழுப்பவும் அதனால் முடியும். உறக்கத்தைக் கெடுத்த மீனுக்கு அவ்வூரார் பிறகு விழாவே எடுத்தார்கள். எங்கள் வாவியிலும் அதே மீன்தான் என்று நான் சொல்லவரவில்லை, அது பசுபிக் கரைக்குரியது. அவர்கள் கேட்டார்கள், விடை கண்டார்கள். நாங்கள் சிலை வைத்தோம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் காட்டு யானைகள் பிளாஸ்ரிக் பைகளோடு உணவுக் கழிவைத் தின்னும் படங்கள் உலகப் பத்திரிகைகளில் விநோதப் படங்களாகவே சுற்றின. எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அங்கு இறந்ததாக 2022இன் தொடக்கத்தில் செய்தி வந்தது. அந்தப் படத்தை நகைச்சுவைத் துணுக்குகளுக்கு நடுவில் வைப்பது தகாது. அதே அம்பாறையில், கல்லோயாத் தேசியப் பூங்காவின் யானைகள் சேனாநாயக்க சமுத்திரத்தில் தும்பிக்கையை மட்டும் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டு தீவுக்குத் தீவு நீந்திப் போகின்றன. விநோதப் பக்கத்துக்கு அது பொருந்தும், அதைப் போடுங்கள்.

ஆகவே ஒவ்வொரு துணுக்கிலும் ஊரும் ஆண்டும் இருக்கட்டும், காரணம் தெரிந்திருந்தால் அதுவும் இருக்கட்டும், இடம் போதாவிட்டால் எட்டுத் துணுக்குகளை நான்காகக் குறைத்தாலும் வாசகர் கோபிக்கமாட்டார்கள். லெமிங் பற்றிய தவறை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்துங்கள், ஏனெனில் மூலையில் போடும் திருத்தங்களைச் சிறுவர் வாசிப்பதில்லை. வாவியின் ஒலி பற்றி வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்து விலங்கியல் அறிஞர் ஒருவரிடம் ஒரு கட்டுரை கேட்டுப் பெறுங்கள். அதற்கு முன்பாக வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் அந்த ஓசையைத் தம் காதால் கேட்ட முதியவர்கள் இருந்தால், எந்த ஆண்டு, எந்த மாதம், வாவியின் எந்த இடம், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டியிருந்ததா மூடியிருந்ததா என்ற விபரங்களோடு எழுதி அனுப்பும்படி ஓர் அறிவித்தல் போட்டால் நன்று. என்னுடையதை இத்துடன் முதலாவதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், முகத்துவாரம் அன்று மூடியிருந்தது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.