கூறைக் கரை

வட்டக்கச்சி

அன்பு மகளுக்கு,

போனில நீ என்ன கேட்டாலும் "ஓம், சுகம்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வைக்கிறன் எண்டு அப்பாவிட்டைக் குறை சொன்னியாம். பக்கத்தில நாலு சனம் நிக்கேக்க என்ர காலைப் பற்றி விளக்கமாக் கதைக்க எனக்குக் கூச்சமா இருக்கு. அதுதான் ஆறுதலா இருந்து எழுதுறன்.

பெருவிரல் அடியில வெளியால தள்ளிக்கொண்டு நிண்ட எலும்பை வெட்டி நேராக்கி, உள்ளுக்குக் கம்பி போட்டிருக்கினம். தையல் வெட்டியாச்சு, காயமும் காஞ்சிட்டுது. எலும்பு ஒட்ட ஆறு கிழமை எண்டாலும் பிடிக்கும், வீக்கம் முழுசா வத்த மாசக்கணக்காகும் எண்டு டொக்டர் முதலே சொல்லிப்போட்டார். முன்பாதத்தை ஊண்டாமல் குதிக்காலில பாரத்தைக் குடுத்து, வோக்கரோட குசினி வரைக்கும் போய் வாறன். மிச்ச நேரமெல்லாம் ரெண்டு தலகணிக்கு மேல கால். நெஞ்சு மட்டத்தை விட உயர இருந்தால்தான் நீர் இறங்குமாம்.

படுத்திருந்து நாடகம் பாருங்கோ எண்டாய். பாத்தன். மருமகளை அழ வைக்கிற மாமி, மாமியை அழ வைக்கிற மருமகள், விளம்பரம் வரேக்கதான் ரெண்டு பேரும் ஓயினம். எனக்குச் சரிவரேல்லை.

மிஷினைத் துணி போட்டு மூடியாச்சு. ஒரு காலால மிதிக்கலாம்தானே எண்டு அப்பா கேட்டார். மிதிக்கலாம். ஆனால் மற்றக் கால் கீழ தொங்கும், அரை மணித்தியாலத்தில பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போகும். சீருடைச் சட்டைகளையும் பிளவுசுகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிட்டைக் குடுத்திட்டன். கழுத்து வெட்டு மட்டும் என்னட்டைக் காட்டிப்போட்டு வெட்டுறாள். கெட்டிக்காரி.

உனக்குத் தெரியும், நான் இவ்வளவு காலமும் தைச்சதெல்லாம் மற்றாக்களின்ர அளவுக்கு. ஆர் வந்தாலும் "இதை மாதிரி" எண்டு ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு வருவினம், அதை மாதிரியே தைச்சுக் குடுப்பன். எனக்கெண்டு ஒரு கோடு கீறினது கடைசியா எப்ப எண்டு யோசிச்சுப் பாத்தன், பிடிபடேல்லை. இப்ப கையில ஊசி இருக்கு, வாசலில "முடிஞ்சுதா அக்கா" எண்டு கேக்க ஆளில்லை. சீருடை வெட்டின மிச்சத்தில வெள்ளைத் துண்டுகள் ஒரு பை நிறையக் கிடந்தது. ஒடுக்கமான துண்டுகள், வேற ஒண்டுக்கும் உதவாது, கரை தைக்கத்தான் சரி. அப்பதான் என்ர கலியாணக் கூறைச் சீலை ஞாபகம் வந்தது.

அந்தச் சீலைக்கு என்ன நடந்தது எண்டு உனக்கு முழுசா ஞாபகம் இருக்குமோ தெரியாது. 2009இல சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து தர்மபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை எண்டு போய் மாத்தளனில நிண்டம். கடற்கரை மணல். கிடங்கு வெட்டினால் வெட்டின கையோட சரிஞ்சு மூடும். சுத்திவர மண்மூட்டை அடுக்கினால்தான் பங்கர் நிக்கும். மண் அள்ள உரப்பை எங்க இருக்கு? எல்லாரும் சீலைகளைத்தான் வெட்டினவை. பட்டு லேசில கிழியாது எண்டு பட்டுகளை முதல் வெட்டினம். கடற்கரை முழுக்க சிவப்பும் பச்சையும் மயில்நீலமுமா மூட்டைகள், கலியாண வீடு கணக்கா. என்ர கூறையை நான்தான் வெட்டினனான், அப்பாவைத் தொட விடேல்லை.

கோணூசியால பின்தையல் போட்டுத் தைச்சனான். ஓட்டுத்தையல் மண்பாரத்துக்குத் தாங்காது, ஒரு இடத்தில நூல் அறுந்தால் முழுக்க விட்டுப்போகும். பின்தையலெண்டால் ஒவ்வொரு தையலும் முந்தினதில ஏறி நிக்கும். நீ சின்னன், கண் கூர்மை. ஊசிக் காதில நூலைக் கோத்துக் கோத்துத் தந்தனீ. வெளிக்கிடேக்க எல்லாத்தையும் அப்படியே விட்டிட்டு வந்தம்.

அந்தக் கரையைத்தான் இப்ப தைக்கிறன். அரக்குச் சீலை, கரையில மாங்காய், ரெண்டு மாங்காய்க்கு நடுவில உருத்திராக்கம் மாதிரி ஒரு வட்டம். மாங்காயின்ர மூக்கு எந்தப் பக்கம் வளைஞ்சிருந்தது எண்டதுதான் பிரச்சினை. நான் முந்தானைப் பக்கம் எண்டுறன். சின்னம்மா வந்து பாத்திட்டு, இல்லையடி, உடம்புப் பக்கம் எண்டு அடிச்சுச் சொல்லுறா. தாலி கட்டேக்க பின்னால நிண்டு பாத்தவவாம். கடைசியில ஒண்டை அங்கால, ஒண்டை இஞ்சால, முகம் பாத்தபடி கீறிப்போட்டன். அந்தச் சீலையில இப்படி இருந்திருக்காது. ஆனால் பாக்க வடிவா இருக்கு, அதால மாத்த மாட்டன். மாமா வீட்டு அல்பத்தில எங்கட கலியாணப் படம் கிடக்கு எண்டு தெரியும். அதைப் போனில எடுத்து அனுப்பிப்போடாத. நான் தைச்சு முடிக்கட்டும்.

சரிகை இல்லாமல் சரிகை மாதிரிக் காட்டிறதுதான் பெரிய வேலை. நூல் கட்டில ஆறு இழை இருக்கும். அதில கடுகு மஞ்சளில ஒண்டு, காவியில ஒண்டு பிரிச்செடுத்து ரெண்டையும் ஒரே ஊசியில கோத்தன். தனி மஞ்சள் போட்டால் மஞ்சளாத்தான் தெரியும். இப்படிக் கலந்தால் கொஞ்சம் தள்ளி நிண்டு பாக்க மினுங்குது. மாங்காயின்ர வயித்தை நிரப்பேக்க தையலை ஒரு பாதிக்குச் சரிவாவும் மற்றப் பாதிக்கு நேராவும் போடுறன். நூல் படுக்கிற பக்கம் மாறினால் வெளிச்சம் படுறதும் மாறும். விளிம்புக்குக் காம்புத்தையல். உருத்திராக்கத்துக்கு முடிச்சுத்தையல், அது என்ர கைக்கு எப்பவும் இறுகிப்போகும், ரெண்டு தரம் சுத்திறதை ஒருக்காச் சுத்தினால் சரியா வருது.

படுத்தபடி எப்படித் தைக்கிறியள் எண்டு கேப்பாய். பெரிய வளையம் சரிவராது, கை தூக்கித் தூக்கித் தோள் உளையும். உள்ளங்கையளவு வளையம், மடியில ஒரு தலகணி, முழங்கை ரெண்டும் அதில. காலமை விறாந்தைக்குக் கட்டிலை இழுத்து விட்டிருவார் அப்பா, பத்து மணிக்குப் பிறகு வெயில் முகத்தில அடிக்கும், உள்ளுக்கு வந்திருவன். வேர்வைக் கையில நூல் அழுக்காகும் எண்டு பக்கத்தில பவுடர் டப்பா. ஊசி கட்டிலில விழுந்தால் ஆபத்து எண்டு உடைஞ்ச ரேடியோ ஸ்பீக்கரின்ர காந்தத்தைக் கழட்டித் தந்திருக்கிறார், ஊசி எல்லாம் அதில ஒட்டிக்கொண்டு நிக்கும்.

ஒண்டில மட்டும் கவனமா இருக்கிறன். தையலில குந்தினால் எனக்கு நேரம் போறது தெரியாது, அசையாமல் கிடந்தால் காலில ரத்தம் கட்டியாகும் எண்டு பயப்படுத்தி விட்டிருக்கினம். அதால நூலை ஒரு முழத்துக்கு மேல வெட்டிறேல்லை. அதுக்கு மேல போனால் சிக்கும், பிசிரும், அது வேற கதை. முழம் முடிஞ்சால் ஊசியைக் காந்தத்தில வைச்சுப்போட்டு, கணுக்காலை மேலயும் கீழயும் ஆட்டி, முழங்காலையும் மடக்கி நீட்டிப்போட்டுத்தான் அடுத்த நூல்.

காலைப் பாக்க வாறவை ஊசியைக் கண்டிட்டு ஏசினம். "உனக்கு ஓய்வெண்டு ஒண்டு இல்லையோ" எண்டு. கொண்டு வந்த பிஸ்கட்டை நான் சாப்பிடிறேல்லை எண்டும் ஏச்சு. நோவுக் குளிசையை விடப் பின்னேரத்தில ஊசிதான் எனக்கு உதவுது எண்டு சொன்னால் விளங்கிக்கொள்ளினம் இல்லை. நீயாவது டிக்கெட் எடுக்கிறன் எண்டு அந்தரப்படாத. லீவை வீணாக்காமல் நான் நடக்கத் தொடங்கினாப் பிறகு வா.

நல்லூர்த் திருவிழாவுக்கு உங்கத்தைய ஆர் வந்தாலும் நூல் குடுத்து விடு. ஆங்கரோ டிஎம்சியோ எதெண்டாலும் பரவாயில்லை. இஞ்ச கடுகு மஞ்சள் கிடைக்குது, அரக்குத்தான் சரியான அரக்கா வருதில்லை, ஒண்டில் ரத்தச் சிவப்பு, இல்லாட்டில் கத்தரிக்காய் நிறம். பீட்றூட் அவிச்ச தண்ணி நிறத்தை விட ஒரு படி இருட்டாப் பார். நாலு கட்டு போதும். பதினொண்டு கட்டு அனுப்புவாய் எண்டு தெரியும், நாலு போதும்.

அன்புடன்
அம்மா

அப்பா எழுதச் சொன்னவர்: அவர் வைக்கிற பருப்பில இப்ப உப்பு சரியாம். நான் ஒண்டும் சொல்லேல்லை.