ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகு

அன்பு மகளுக்கு,

இங்கு நலம். பச்சைப் பெட்டி விஷயம் பெரியத்தை சொன்னபடியே முடிந்தது, கவலைப்படாதே.

போனில் குருகுப் பறவையைப் பற்றிக் கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிட்டாய். வேலை நாள், நடுப்பகல். பின்னால் மாப்பிள்ளை குரல் கேட்டது. லீவு போட்டிருப்பார் என்று அம்மாவிடம் சொன்னேன். சரி, பதிலை எழுதியே விடுகிறேன்.

குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. தலைவன் மறைவில் மணந்த அன்று அங்கே வேறு யாரும் இல்லை, தினைத்தாள் போன்ற சின்னப் பச்சைக் கால்களோடு ஒரு குருகுதான் நின்றது என்கிறாள் தலைவி. சரி, சாட்சி இருக்கிறதே என்று நிறுத்திவிடாதே. அது 'ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்' குருகு. ஓடும் நீரில் ஆரல் மீன் வருகிறதா என்பதிலேயே அதன் கண். நாளைக்கு அவன் பொய் சொன்னால், இருந்த ஒரு சாட்சியும் பார்க்காத சாட்சி. இதை அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை. காலைச் சொல்கிறாள், மீனைச் சொல்கிறாள், அவ்வளவுதான்.

பறவையோ மீனோ வந்தால், இது எதற்கு அடையாளம் என்று உடனே தேடாதே. அது என்ன செய்கிறது என்று பார். குறுந்தொகை 8இல் வயலோர மாமரத்தின் பழம் தானாக விழுகிறது, வாளை மீன் கவ்விக்கொள்கிறது. பேசுகிறவள் பரத்தை. நான் ஒன்றும் அவனைத் தேடிப் போகவில்லை என்பதுதான் அவள் கட்சி. பழமும் மீனும் வருகிற இடத்தில் 'போல' என்ற சொல்லே கிடையாது. இதைத்தான் உள்ளுறை என்றார்கள். மறுபடியும் சொல்கிறேன், அது என்ன செய்கிறது என்று பார்.

உனக்கு இதெல்லாம் சொல்லித் தரவேண்டியதில்லை. அறல் என்றால் என்ன என்று கேட்டு, ஏழு வயதில் என்னை ஆற்றுக்கே இழுத்துப் போனவள் நீ. அந்த வாயாடிக்கு இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடம்.

அறல் வருகிற பாட்டு நற்றிணை 110. பொற்கிண்ணத்துப் பாலை உண்ணமாட்டேன் என்று பந்தலுக்கு ஓடிய விளையாட்டுப் பெண், கணவன் குடி வறுமைப்பட்டபோது 'கொடுத்த தந்தை கொழுஞ்சோறு உள்ளாள்', அப்பன் வீட்டுச் சோற்றை நினைக்கவே இல்லை. ஓடும் நீரின் நுண்ணிய மணல் வரி போல, 'பொழுது மறுத்து' உண்கிறாள். மணலில் ஒரு மேடு, ஒரு பள்ளம். ஒரு வேளை உண்டு, ஒரு வேளை இல்லை. நான் அப்படித்தான் படிக்கிறேன்.

முப்பது வருஷம் இந்தப் பாட்டை நடத்தினேன். 'அறிவும் ஒழுக்கமும் யாண்டு உணர்ந்தனள் கொல்' என்ற இடத்தில் குரல் தழுதழுக்கும், பையன்கள் அசையாமல் இருப்பார்கள். எனக்குச் சம்பளம் நின்ற அந்த நான்கு மாதமும் நடத்தினேன். வீட்டில் அம்மா எனக்கும் உனக்கும் போட்டுவிட்டு, "நான் அப்பவே சாப்பிட்டாச்சு" என்பாள். நான் விடைத்தாள் கட்டோடு எழுந்துபோவேன். உன் பாட்டி சொல்லித்தான், அதுவும் வெகுகாலம் கழித்து, எனக்குத் தெரிந்தது. ஒரே கூரை, ஒரே அடுப்படி. என் கண் எதன் மேல் இருந்ததோ. அம்மாவிடம் இதுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்தப் பெண்ணை நான் மெச்சினேனே தவிர, அவள் ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

போன தடவை, சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டதற்கு நீயும் "அப்பவே ஆச்சு" என்றாய். அதே சொல், அதே வேகம்.

மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள், ஒரு மணி நேரம் ஆகும். போன் என் கையில்தான் இருக்கும்.

அப்பா