பொங்கலன்று விட்ட பேச்சு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் எடுக்கவில்லை என்ற கோபத்தில் எழுதவில்லை. உனக்கு வேலை இருக்கும். கடிதமென்றால் நிதானமாகப் படிப்பாய்.

ஆளியாற்றுத் தண்ணீர் மூலத்தரைக்கு வந்துவிட்டது, நம் மேட்டு வயலுக்குத்தான் இன்னும் ஏறவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. பிஎஃப் பணத்தில் கை வைக்காதே.

பொங்கலன்று நீ மாமாவிடம் பேசியது இன்னும் மனதில் கிடக்கிறது. சுதந்திரம் வந்தபோதே அரசாங்கம் ஒதுங்கிக்கொண்டு தொழில் செய்கிறவர்களை விட்டிருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும் என்றாய். நான் அடுப்படியில் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. கூட்டுறவு வங்கி கவுன்ட்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவளுக்கும் இதில் சொல்ல இருக்கிறது.

நீ சொன்னதில் பாதி சரி. எதற்கெடுத்தாலும் லைசென்ஸ், பர்மிட் என்று ஆனதைத்தான் ராஜாஜி எதிர்த்தார், 1959இல் தனிக் கட்சியே தொடங்கினார். ஸ்கூட்டருக்கும் போனுக்கும் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த தலைமுறை எங்களுடையது. அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் 1950இல் அரசாங்கம் ஒதுங்கியிருந்தால் அந்த இடத்துக்கு யார் வந்திருப்பார்கள், சொல். டாடாவும் பிர்லாவும் இன்னும் சில முதலாளிகளும் சேர்ந்து 1944இல் பம்பாய்த் திட்டம் என்று ஒன்று போட்டார்கள். 15 வருஷத்துக்கு 10,000 கோடி ரூபாய். அரசாங்கம் முன்னால் நிற்காமல் இது நடக்காது என்று அவர்களே அதில் ஒப்புக்கொண்டார்கள். அணையிலும் இரும்பாலையிலும் போட்ட பணம் திரும்பி வர எத்தனை வருஷமாகும்? அதுவரை காத்திருக்க அன்றைக்கு யாரிடம் தெம்பு இருந்தது?

மலம்புழா அணையையே பார். 1955இல் காமராஜர் வந்து திறந்து வைத்தார், சென்னை அரசாங்கத்தின் பணம். மறு வருஷம் நவம்பரில் பாலக்காடு கேரளத்துக்கு வந்துவிட்டது. தண்ணீர் நிற்கவில்லை. எந்த முதலாளி அப்படிக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவான்?

கடன் விஷயம் எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். 1951-52இல் ரிசர்வ் வங்கி ஊர் ஊராகக் கணக்கெடுத்தது. விவசாயி வாங்கிய கடனில் நூற்றுக்கு 70 ரூபாய் வட்டிக்காரர்களிடம். கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3 ரூபாய். வணிக வங்கிகள் 1 ரூபாய் கூட இல்லை. அப்பச்சி கிணறு வெட்ட யாரிடம் போய் நின்றார் என்பதும், கீழத்தோப்பு எப்படிப் போனது என்பதும் உனக்குத் தெரியாததா? அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் 1955 ஜூலையில் இம்பீரியல் வங்கியை எடுத்து ஸ்டேட் வங்கியாக்கினார்கள். 5 வருஷத்தில் 400 புதுக் கிளை திறக்க வேண்டும் என்று கட்டளையும் போட்டார்கள். லாபம் வராத ஊருக்கு வங்கி தானாக வராது கண்ணு.

அந்த வங்கிக்கு முதல் தலைவர் யார் தெரியுமா? ஜான் மத்தாய், கோழிக்கோட்டில் பிறந்தவர். பம்பாய்த் திட்டத்தில் கையெழுத்துப் போட்டவர். நேருவிடம் நிதி அமைச்சராக இருந்தார், ஐந்தாண்டுத் திட்டம் போடும் திட்டக் கமிஷனுக்கு இத்தனை அதிகாரம் கூடாது என்று 1950இல் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். 5 வருஷம் கழித்து அதே அரசாங்கம் அந்த வங்கியை அவரிடம் கொடுத்தது, அவரும் வந்து உட்கார்ந்தார். கருத்து வேறாக இருந்தது, கோபித்துப் போனதும் உண்மை. பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்ளவில்லை.

நீ இருந்த வேலையை விட்டுவிட்டு நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்தவன். கொழிஞ்சாம்பாறையில் நான் சொல்லாத ஆள் கிடையாது. அந்தப் பெருமை இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை. ஆனால் என் பிள்ளை வீட்டுச் செய்தியைத் திருப்பூர் சம்பந்தியம்மா வாயால் கேட்க வேண்டியிருக்கிறதே, அதுதான் தாங்கவில்லை. சரி, அதை விடு.

1960இல் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடியபோது எத்தனை குடும்பம் தவித்தது என்று எங்கள் பழைய மேனேஜர் சொல்வார். அரசாங்கம் அதோடு நிற்கவில்லை. 1962 ஜனவரியில் டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் கொண்டுவந்தது. அன்றைக்கு ஆளுக்கு 1,500 ரூபாய் வரை, இன்றைக்கு 5 லட்சம் வரை. தொழில் என்றால் விழும், விழுந்தால் ஆள் பிழைத்துக் கிடக்க வழி இருக்க வேண்டும். அதைச் செய்யத்தான் அரசாங்கம் வேண்டும் என்கிறேன். உன் பிரைவேட் லிமிடெட்டும் அப்படித்தானே? கம்பெனியின் கடன் கம்பெனியோடு நிற்கும், வீட்டு வாசலுக்கு வராது என்பது வியாபாரிகள் பெருந்தன்மையாகக் கொடுத்ததில்லை. சட்டம் கொடுத்தது. கம்பெனி கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று நீயே தனி ஜாமீன் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் காப்பு போய்விடும். கடன் கொடுக்கிறவர்கள் கட்டுக் காகிதத்துக்கு நடுவில் அந்தத் தாளையும் வைத்து நீட்டுவார்கள், அவசரத்தில் போட்டுவிடுவோம்.

அப்படி எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறாயா?

கார்டில் எடுத்து இன்னொரு கடனை அடைக்காதே. பிஎஃபை எடுக்காதே. என் பெரிய டெபாசிட் சித்திரையில் முதிர்கிறது. புதுப்பிக்கப் போவதில்லை, சேமிப்புக் கணக்கிலேயே இருக்கும், அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். ஜாமீன் பத்திரம் இருந்தால் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. இப்போது பேச முடியவில்லை என்றால் பேச வேண்டாம், படத்தை மட்டும் அனுப்பு. அந்த மாதிரிக் காகிதம் எனக்குப் படிக்கத் தெரியும்.

அம்மா