பதிவேட்டைச் சீராக்கித் தந்தவருக்கு நன்றி

எங்கள் உரிமைச் சங்கத்தின் புகார்ப் பதிவேட்டைச் சீராக்கிக் கொடுத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போனவருக்கு மனமார்ந்த நன்றி.

‘கண்ணால் கண்டது’, ‘பிறர் சொல்லக் கேட்டது’ என்று இரண்டு கட்டம் பிரித்தீர்கள். இவை கலந்துவிட்டால் விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் அங்கேதான் கைவைக்கும். உண்மையான புகாரும் சேர்ந்தே அடிபடும். வாக்குமூலத்தை அவரவர் பேச்சிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, பிறகுதான் கையெழுத்து. அசல் ஆவணம் உரியவரிடமே இருக்கட்டும், நமக்கு நகல் போதும்.

பெயரை வெளியிடலாமா என்று தனித்தாளில் சம்மதம் வாங்கச் சொன்னீர்களே, அதுதான் பேருதவி. வழக்குக்குச் சம்மதித்தவர் பத்திரிகையில் பெயர் வரவும் சம்மதித்தார் என்று ஆகாது. அந்தத் தாளில் தேதியும், சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற வரியும் கட்டாயம்.

மேல்முறையீட்டுக் கெடுவைக் கோப்பின் மேலட்டையிலேயே சிவப்பில் எழுதுகிறோம். கெடு தப்பினால், நியாயம் இருந்தும் மனு வாசலிலேயே நின்றுவிடக்கூடும்.